விசாலம் ஆச்சி கடை கூகுளில் எங்கே?

குழு: பெரிய வீட்டுப் பங்காளிகள்

விசாலம் ஆச்சி: மத்தியானம் ஒரு பையன் கூப்பிட்டான். கூகுளிலிருந்தே பேசுகிறானாம். 9,000 ரூபாய் கட்டினால் நம் பலகாரக் கடை முதலில் வருமாம், இன்றைக்கே கட்டினால் 7,500. சோலை, கட்டிவிடவா? மணகோலத்துக்கு வெல்லம் வாங்க வைத்திருந்த பணம் கையில் இருக்கிறது.

சோலை: வெல்லமே வாங்குங்கள் ஆச்சி. மேப்பில் முன்னால் காட்டுவதற்குக் கூகுள் யாரிடமும் காசு வாங்குவதில்லை, அதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். விளம்பரம் வேறு கதை, அதற்குக் காசு உண்டு, ஆனால் விளம்பரம் என்று தெரிகிற மாதிரிதான் வரும். அந்தப் பையன் திரும்பக் கூப்பிட்டு ஓடிபி கேட்டால் சொல்லிவிடாதீர்கள்.

விசாலம் ஆச்சி: அப்புறம் ஏன் நம் கடை வரமாட்டேன் என்கிறது? கானாடுகாத்தான் அரண்மனை பார்க்க வருகிற வண்டியெல்லாம் நம் தெரு முனையில்தான் திரும்புகிறது, ஒருத்தரும் உள்ளே வருவதில்லை. வருகிற போனெல்லாம் மீல்ஸ் இருக்கா, எத்தனை பேர் உட்காரலாம் என்றுதான்.

வள்ளி: எனக்கு முதலாவதாக வருகிறதே அம்மா. இதோ படம் போடுகிறேன்.

சோலை: வள்ளி, கடைக்குள் உட்கார்ந்துகொண்டு கடைப் பெயரையே போட்டுத் தேடினால் வராமல் என்ன செய்யும்? தேடுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதையும் கூகுள் பார்க்கும். பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட்டுவிட்டு வருகிற கோயம்புத்தூர்க்காரருக்கு நம் கடைப் பெயரா தெரியும்? முறுக்கு என்று அடிப்பார், செட்டிநாடு ஸ்நாக்ஸ் என்று அடிப்பார். மணகோலம் என்று ஒன்று இருப்பதே சாப்பிட்ட பிறகுதான் அவருக்குத் தெரியும்.

கோவை அண்ணன்: இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? குழுவில் 46 பேர் இருக்கிறோம், ஆளுக்கு ஐந்து ஸ்டார் போட்டால் ராத்திரிக்குள் முடிந்தது கதை.

பினாங்கு சித்தப்பா: நான் போட்டாச்சு 👍 சீப்புச் சீடை வாசம் பினாங்கு வரைக்கும் வருகிறது என்று எழுதியிருக்கிறேன்.

சோலை: சித்தப்பா! சொந்தக்காரர்கள் கூடி எழுதக் கூடாது. கடைப்பக்கமே வராத 46 பேர் ஒரே ராத்திரியில் எழுதினால் மொத்தமாகத் தூக்கிவிடுவார்கள், நிஜமாக வாங்கினவர் எழுதினதும் அதோடு போனாலும் போய்விடும். ரிவ்யூ போட்டால் கால் கிலோ இலவசம் என்று பலகை வைப்பதும் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன். வாங்கிக்கொண்டு போகிறவரிடம் பிடித்திருந்தால் எழுதுங்கள் என்று வாயால் கேட்டால் போதும்.

விசாலம் ஆச்சி: சித்தப்பா எழுதினது இங்கே காணோமே. நாலு ரிவ்யூதான் காட்டுகிறது.

பினாங்கு சித்தப்பா: போட்டேனே ஆத்தா. 62 ரிவ்யூ இருந்தது. செக்காலை ரோடு என்று இருக்கிறது.

சோலை: ஒரு நிமிஷம் எல்லோரும் நிறுத்துங்கள். செக்காலை ரோடா? காரைக்குடி கடையைக் காலி பண்ணிக் கானாடுகாத்தானுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறதே. அந்தக் கடையின் கூகுள் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

வள்ளி: பழையதன் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை அம்மான், அதனால் நான்தான் புதிதாக ஒன்று ஆரம்பித்தேன். வகை கேட்டது, ரெஸ்டாரண்ட் என்று போட்டேன்.

சோலை: இப்போது புரிகிறது ஆச்சி, மீல்ஸ் போன் எங்கிருந்து வருகிறது என்று. சேர்த்து வைத்த பெயரெல்லாம் பூட்டின கடையில் இருக்கிறது, திறந்திருக்கிற கடைக்கு நாலே ரிவ்யூ, அதுவும் ஓட்டல் என்று. தேடினதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்த கடை, முக்கியமாக இந்த மூன்றையும்தான் கூகுள் பார்க்கிறது. தூரத்தை மாற்ற முடியாது, காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று தேடுகிறவருக்கு அங்கே இருக்கிற கடைதான் முன்னால் வரும், அதற்காக மனசு உடைய வேண்டாம். மற்ற இரண்டையும் நாமே கெடுத்து வைத்திருக்கிறோம். இடம் மாறினால் பழையதிலேயே முகவரியை மாற்ற வேண்டும். அது யார் மெயிலில் இருக்கிறது?

கோவை அண்ணன்: என் மெயில்தான்... 2019ல் நான்தான் பண்ணிக் கொடுத்தேன். கூகுள் மை பிசினஸ் என்று ஒரு ஆப் இருந்தது, இப்போது போனில் காணோம்.

சோலை: 2021லேயே பிசினஸ் ப்ரொஃபைல் என்று பெயரை மாற்றிவிட்டார்கள் அண்ணே, அந்த ஆப்பும் போய்விட்டது. அதே மெயிலில் நுழைந்து கூகுளில் கடைப் பெயரைத் தேடுங்கள், அங்கேயே திருத்தலாம். முகவரி, மேப் புள்ளி, வகையில் இனிப்புக் கடை. வள்ளி ஆரம்பித்ததை டூப்ளிகேட் என்று சொல்லி எடுக்கச் சொல்லலாம்.

கோவை அண்ணன்: கையோடு பெயரையும் விசாலம் செட்டிநாடு முறுக்கு அதிரசம் பெஸ்ட் ஸ்நாக்ஸ் என்று மாற்றிவிடட்டுமா?

சோலை: அண்ணே, கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். பலகையில் என்ன பெயரோ அதுதான். கூட வார்த்தை சேர்த்தால் முடக்கிவிடுவார்கள். அந்த வார்த்தையெல்லாம் பொருட்கள் பட்டியலில் வரட்டும். தேன்குழல், அதிரசம், மாவுருண்டை என்று ஒவ்வொன்றுக்கும் படம், விலை, தமிழிலும் இங்கிலீஷிலும்.

வள்ளி: அந்த நாலில் ஒன்று ஒரு ஸ்டார் அம்மான். திறந்திருக்கும் என்று போட்டிருந்தது, வந்தால் பூட்டு என்று திட்டியிருக்கிறார்கள்.

விசாலம் ஆச்சி: அது பிள்ளையார் நோன்பு அன்றைக்கு. இழை எடுத்துச் சாமி கும்பிட வேண்டாமா, கடையைத் திறந்து வைத்துக்கொண்டா உட்கார முடியும்?

சோலை: அதையே பதிலாக எழுதுங்கள் ஆச்சி, வீட்டில் நோன்பு, மன்னியுங்கள், அடுத்த முறை போன் பண்ணிவிட்டு வாருங்கள் என்று. இனிமேல் நோன்புக்கும் பொங்கலுக்கும் விடுமுறை நேரம் முன்கூட்டியே போட்டுவிடலாம், அதற்குத் தனி இடமே இருக்கிறது. முகவரி மாற்றினால் வீடியோ கேட்டாலும் கேட்பார்கள். வள்ளி, தெருவைக் காட்டு, பெயர்ப் பலகையைக் காட்டு, பூட்டைத் திறந்து உள்ளே போ, நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடு.

வள்ளி: பலகையா...

விசாலம் ஆச்சி: அதை எங்கே மாட்டினோம்? செக்காலையிலிருந்து வந்த அன்றைக்கு வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் சாய்த்து வைத்தது. அப்பத்தா அதன் மேல்தான் வடகம் காயப்போடுகிறார்கள்.

பினாங்கு சித்தப்பா: 😂😂😂

சோலை: ஆச்சி, முதலில் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.