வணிகச் சமையலறையில் எரிவாயு வேலை: வீட்டுத் தகுதி போதுமா?

கேள்வி:
பிரிட்டனில் வீட்டு எரிவாயு வேலைகளுக்கான சி.சி.என்.1 தகுதியும் கேஸ் சேஃப் (எரிவாயு வேலை செய்பவர்களுக்கான அதிகாரப்பூர்வப் பதிவேடு) பதிவும் எனக்கு உள்ளன. ஓர் உணவகத்தில் பெரிய அடுப்பும் ஃபிரையரும் பொருத்தித் தரும்படி கேட்கிறார்கள். இந்த வேலையை நான் ஏற்கலாமா?

பதில் 1:
இப்போதைய தகுதியுடன் ஏற்கக் கூடாது. பதிவு பெற்றவர் என்பதாலேயே எல்லா வேலையும் செய்துவிட முடியாது. எவற்றுக்கு அனுமதி உண்டு என்பது உங்கள் அடையாள அட்டையின் பின்புறத்தில் இருக்கும். வணிகச் சமையலுக்கான அடிப்படைத் தேர்வையோ, வீட்டுத் தகுதியிலிருந்து அதற்கு மாறுவதற்கான தேர்வையோ முடித்த பிறகு, சாதனத்துக்கு ஏற்ற காம்கேட் (வணிகச் சமையல் சாதனங்களுக்கான) தேர்வுகளில் தேற வேண்டும். அடுப்புக்கு காம்கேட் 1, ஃபிரையருக்கு காம்கேட் 3. மீன், சிப்ஸ் பொரிக்கும் ரேஞ்சுக்கு காம்கேட் 4 என்று தனியாகவே வைத்திருக்கிறார்கள். இவற்றை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதுவது வீண்செலவு என்பது என் கருத்து.

பதில் 2:
எல்.பி.ஜி. என்றால் அதற்கும் தனி மதிப்பீடு உண்டு. சாதனத்தை விடக் குழாயும் காற்றோட்டமும்தான் வீட்டு வேலையிலிருந்து வருபவர்களைத் தடுமாற வைக்கின்றன. குழாய் அமைப்பின் கொள்ளளவு 0.035 கன மீட்டரைத் தாண்டினால், வீடுகளில் செய்யும் கசிவுச் சோதனை முறை அங்கே செல்லாது. புகைபோக்கி விசிறி நின்றால் எரிவாயு தானாகத் துண்டிக்கப்படும் இணைப்பைப் பற்றி பி.எஸ். 6173 என்ற பிரிட்டிஷ் தரநிலை சொல்வதையும் தேர்வுக்கு முன்பே படித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இந்த வேலையைத் தகுதியுள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, முதலில் அடிப்படைத் தேர்வுக்கும் காம்கேட் 1, 3 ஆகியவற்றுக்கும் பதிவு செய்கிறேன்.