பழைய ரிவால்வர்: நம்பி வாங்க யார் இருக்கிறார்கள்?

வணக்கம். டெக்சாஸில் இருக்கிறேன். பழைய ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10 ரிவால்வர், .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கானது, 4 அங்குலக் குழல் உள்ளதை ஆன்லைனில் தேடுகிறேன். போன மாதம் ஒன்றுக்குப் பணம் கட்டினேன். படத்தில் பளபளவென்று இருந்தது. உள்ளூரில் உரிமம் பெற்ற கடைக்கு வந்ததும், துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 அரசுப் படிவத்தைத் தொடும் முன், சிலிண்டரை (தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளை) பிடித்து ஆட்டினேன். முன்னும் பின்னும் லொடலொட. திருப்பி அனுப்பிவிட்டேன், அனுப்பும் செலவு என் தலையில். கடைக்காரருக்கு ஒரே சிரிப்பு.

ஹேமரை (பின்னால் உள்ள சுத்தியலை) மெதுவாக இழுத்து, ஆறு அறையும் சரியாகப் பூட்டுவதை வீடியோ எடுத்து அனுப்புகிற விற்பனையாளர் யாராவது தெரியுமா? இரும்பின் மேல் உள்ள நீலப்பூச்சு புதிதாக ஏற்றியிருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், பார்த்துத் திருப்ப மூன்று நாளாவது தர வேண்டும். விலை கொஞ்சம் கூடினாலும் சரி. நீங்களே வாங்கிய அனுபவம் இருந்தால் இன்னும் நல்லது.