ஏஆர்எம் மடிக்கணினிக்கு மாறலாமா?

நிரல்வேலை:
ஆறு ஆண்டுகளாக எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகைச் சில்லு) மடிக்கணினியில்தான் நிரல் எழுதுகிறேன். கம்பைல் தொடங்கினாலே விசிறி இரைகிறது. பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. அடுத்ததாக, வேறு கட்டளைத் தொகுப்பு கொண்ட ஏஆர்எம்64 சில்லு உள்ளதை வாங்கலாமா? எழுதுவது பைத்தானும் சியும். எல்லாம் லினக்ஸ் கன்டெய்னரில் (நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்து அடைத்த சூழலில்) ஓடும். சர்வர்கள் எக்ஸ்86.

தும்பி:
தயங்காமல் மாறுங்கள். 2020 நவம்பரில் ஆப்பிளின் ஏஆர்எம் சில்லான எம்1 வந்தபோது தயங்கியதில் நியாயம் இருந்தது. பல லைப்ரரிகளை நாமே கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. இன்று பைத்தானின் கணக்கீட்டு லைப்ரரியான நம்பை போன்றவை ஏஆர்எம்முக்கென்றே தயாராகக் கிடைக்கின்றன. நான் மாறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. விசிறிச் சத்தமே மறந்துவிட்டது.

கருங்கல்:
சர்வர் எக்ஸ்86 என்கிறாரே, அதைக் கவனித்தீர்களா? ஏஆர்எம்மில் கட்டிய இமேஜை (கன்டெய்னரின் அச்சுப் பொதியை) அங்கே ஓட்டினால் 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்' என்று நின்றுவிடும். ஏஆர்எம்மில் எக்ஸ்86 இமேஜாகவே கட்டினால் கியூஎம்யூ என்ற மென்பொருள் கட்டளைகளை மொழிபெயர்த்து ஓட்டும். எங்கள் குழுவில் நான்கு நிமிட பில்ட் அரை மணி நேரம் இழுத்தது.

சியில் இன்னும் பெரிய தொல்லை. உள்ளீட்டில் ஒரு பைட் படிக்கும் கெட்சார் தருவதை, ஒரு பைட் அளவுள்ள சார் மாறியில் வாங்கி, உள்ளீடு முடிந்ததைச் சொல்லும் இஓஎஃப் வரும்வரை சுற்றும் நிரல் எங்களிடம் இருந்தது. இஓஎஃப் வழக்கமாக -1. எக்ஸ்86 லினக்ஸில் சார் எதிர்ம எண்களையும் ஏற்கும். -1 அப்படியே நிற்கும், சுற்று முடியும். ஏஆர்எம் லினக்ஸில் சார் எதிர்ம எண்ணை ஏற்காது; அங்கே -1 என்பது 255 ஆகிவிடும். சுற்று முடியவே முடியாது. ஒரு நாள் முழுக்க இதைத் தேடினேன்.

தும்பி:
கெட்சார் தருவது இன்ட், அதாவது சாரைவிடப் பெரிய முழு எண் வகை. அதை சார் மாறியில் வாங்கியதே பிழை. எக்ஸ்86இலும் கோப்பில் 255 என்ற பைட் வந்தால் அதே நிரல் பாதியிலேயே நின்றிருக்கும்.

ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் த்ரெட்களிலும் இதே கதைதான். ஒரு த்ரெட் தரவை எழுதிவிட்டு, 'தயார்' என்று காட்டும் கொடி மாறியை ஏற்றுகிறது. எக்ஸ்86 அப்படி எழுதிய வரிசையைக் காப்பாற்றும். ஏஆர்எம்மில் மற்ற த்ரெட்டுக்குக் கொடி முன்பே தெரியலாம், தரவு பழையதாக இருக்கலாம். அதற்கென்றே 2011 சி தரநிலையில், வரிசையை உறுதிசெய்யும் அட்டாமிக் வகைகள் வந்தன. ஏஆர்எம்மில் எழுதினால் இந்தப் பிழைகள் உங்கள் மேசையிலேயே தலைகாட்டும்.

கருங்கல்:
அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் எக்ஸ்86 நிரல்களை மேக்கில் மொழிபெயர்த்து ஓட்டும் ஆப்பிளின் ரொசெட்டா 2 வழியாக ஓட்டும்போது எம் சில்லு எக்ஸ்86 வரிசையையே பின்பற்றும், பிழை மறைந்துகொள்ளும். அந்த ரொசெட்டாவும் மேக்ஓஎஸ் 27 வரைதான் முழுமையாக இருக்கும் என்று 2025இலேயே ஆப்பிள் சொல்லிவிட்டது. மூலநிரல் கையில் இல்லாத லைப்ரரி இருந்தால் என்ன செய்வார்?

நதிமூலம்:
சர்வரையும் சேர்த்து மாற்றலாமே. அமேசான் 2018 முதலே கிராவிட்டன் ஏஆர்எம் சர்வர்களை வாடகைக்குத் தருகிறது.

கருங்கல்:
சர்வர் அவர் கையில் இல்லாமலும் இருக்கலாம். நிரல்வேலை, வாங்கும் முன்பே ஒன்று செய்யுங்கள். ஜிசிசி கம்பைலரில் சாரை எதிர்ம எண் ஏற்காததாக நடத்தச் சொல்லும் தேர்வு இருக்கிறது. இப்போதைய மடிக்கணினியிலேயே அப்படிக் கம்பைல் செய்து சோதனைகளை ஓட்டுங்கள்.

நிரல்வேலை:
ஓட்டினேன். இரண்டு இடங்களில் சுற்று முடியாமல் தொங்கியது. இன்ட் ஆக மாற்றிவிட்டேன். பதினோரு இமேஜ்களில் பத்துக்கு ஏஆர்எம்64 வடிவம் கிடைக்கிறது. மீதி ஒன்றுக்குள் வெளியாரின் லைப்ரரி, எக்ஸ்86 மட்டும், மூலநிரல் இல்லை. ஏஆர்எம் பதிப்பு எப்போது என்று அவர்களிடம் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.