அரசு மருத்துவக் காப்பீட்டை ஏற்கும் கண் பரிசோதகரைக் கண்டறிவது எப்படி?

கேள்வி:
நீரிழிவு உள்ள என் தாயாருக்குக் கண் பரிசோதனை செய்து, கண்ணாடியும் மாற்ற வேண்டியுள்ளது. காப்பீட்டுத் திட்டத்தின் இணையப் பட்டியலில் உள்ள நிலையங்களை அழைத்தால், அத்திட்டத்தை இப்போது ஏற்பதில்லை என்கிறார்கள். அருகிலேயே ஏற்பவரை எவ்வாறு கண்டறிவது?

பதில்:
அப்பட்டியல்கள் உடனுக்குடன் புதுப்பிக்கப்படுவது அரிது. நிலையத்தை அழைக்கும்போது, "அரசுக் காப்பீடு ஏற்பீர்களா?" என்று பொதுவாகக் கேட்காமல், அட்டையில் உள்ள திட்டத்தின் முழுப் பெயரையும் படித்துச் சொல்லுங்கள். கண் பரிசோதனைக் கல்வி நிறுவனங்கள் நடத்தும் சிகிச்சையகங்களையும் விசாரிக்கலாம்.

பதில்:
எதற்காகப் போகிறீர்கள் என்பதே என் பார்வையில் முதற்கேள்வி. கண்ணாடிக்கான பார்வை அளவீட்டுக்குப் பணம் தராத சில திட்டங்கள்கூட, நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கும் சோதனையை மருத்துவச் சேவையாகக் கருதி ஏற்றுக்கொள்கின்றன; ஆகவே குடும்ப மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் பெற்று, நோயின் பெயரைக் குறிப்பிட்டே முன்பதிவு செய்யுங்கள். கண்ணின் பாவையை (கருவிழியின் நடுவிலுள்ள துளையை) விரிக்கும் சொட்டு மருந்து இட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும் என்பதால், அம்மாவைத் தனியே அனுப்ப வேண்டாம். சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் கண்ணாடி அளவும் மாறக்கூடும். அது கட்டுக்குள் வந்தபின் அளவெடுப்பதே நல்லது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பரிசோதித்த இடத்திலேயே கண்ணாடியும் வாங்க வேண்டுமா?

பதில்:
பொதுவாக அவசியமில்லை. அளவுச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் காப்பீட்டில் கண்ணாடி வாங்குவதானால், அந்தக் கடையும் திட்டத்தில் இருக்க வேண்டியிருக்கலாம்.