மறு: செத்த கொழுப்புச் செல்லைச் சூழும் மேக்ரோபேஜ்களுக்கு என்ன சொல்?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

உடற்பருமன், மார்பகப் புற்றுநோய் பற்றிய கட்டுரைகளில் அடிக்கடி வரும் ‘கிரவுன்-லைக் ஸ்ட்ரக்சர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும். செத்த கொழுப்புச் செல் ஒன்றை, கழிவை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களான மேக்ரோபேஜ்கள் சுற்றி நிற்கும் தோற்றம் இது. பருமனான சுண்டெலிகளிலும் மனிதர்களிலும் வெள்ளைக் கொழுப்பிலுள்ள மேக்ரோபேஜ்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன என்று 2005இல் சின்டி குழுவினர் காட்டினார்கள். ‘முற்றுகை வளையம்’ எனலாமா?

---

ஐயா, வணக்கம்.

‘முற்றுகை’ வேண்டாம். மதில் முற்றுகையைப் பாடும் உழிஞைத் திணையில் மதிலுக்குள்ளே அரசன் உயிரோடு இருக்கிறான். இங்கே செல் செத்த பிறகுதான் மேக்ரோபேஜ்கள் வருகின்றன. முற்றுகை என்றால் அவைதான் கொன்றன என்று மாணவர் படித்துவிடுவார். காரணமும் விளைவும் தலைகீழாகிவிடும்.

பருத்த கொழுப்புச் செல்லின் விட்டம் 100 மைக்ரோமீட்டரைத் தாண்டும். செல் செத்தால் எண்ணெய்த் துளியைப் போர்த்தியிருந்த பெரிலிப்பின் புரதம் மறையும். எஞ்சும் துளி ஒரே மேக்ரோபேஜ் விழுங்க முடியாத அளவு பெரிது. ஆகவே பல சேர்ந்து சூழ்ந்துகொண்டு, சிறுகச் சிறுகக் கரைத்து எடுக்கின்றன. வேலை நாள்கணக்கில் இழுக்கும். அதுவரை அழற்சியும் ஓயாது. கசியும் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் மேக்ரோபேஜ்களில் அழற்சி மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா-பி புரதத்தைத் தூண்ட, டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1 பீட்டா, புரோஸ்டாகிளாண்டின் இ2 ஆகிய அழற்சிப் பொருள்கள் பெருகும். அருகிலுள்ள முன்கொழுப்புச் செல்களில் (கொழுப்புச் செல்லாக முதிராதவை) ஈஸ்ட்ரோஜனை உருவாக்கும் அரோமடேஸ் நொதி கூடும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்பிலிருந்தே வருவதால், புற்றுக்கட்டிக்குப் பக்கத்திலேயே அதற்கு வேண்டிய ஹார்மோன் சுரக்கிறது. இவ்வளவும் நடக்கும் இடத்துக்குத்தான் பெயர் வைக்கிறோம்.

‘வளையம்’ என்பதிலும் எனக்குத் தயக்கம். முத்திரை மோதிரச் செல் என்று நோயியலில் வேறொன்று உண்டு, அதோடு குழம்பும். என் பரிந்துரை ‘மகுட அமைப்பு’.

---

அம்மா, மகுடம் சரி. ‘அமைப்பு’ சங்கம், கட்சி எல்லாவற்றுக்கும் வழங்கித் தேய்ந்த சொல். ‘மகுடவுரு’ என்றால் ஆங்கிலத்தின் ‘லைக்’, அதாவது ‘போன்ற’ என்பதும் அதற்குள் அடங்கிவிடும். மகுடவுருக்கள், மகுடவுருச் செறிவு என்று நீட்டவும் எளிது. கொரோனாவையும் சிலர் மகுடம் என்று எழுதுகிறார்கள். ‘உரு’ சேர்ந்தால் அந்தக் குழப்பமும் தீரும்.

வரையறையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். திசுவை நுண்ணோக்கியில் பார்க்க வழக்கமாகப் பூசும் ஹெச்-அண்ட்-ஈ சாயத்தில் மட்டும் தேடினால் பல கண்ணில் படாது. மேக்ரோபேஜ்களை அடையாளம் காட்டும் சிடி68 சாயமும் வேண்டும். நுண் இரத்தக் குழாயை ஒட்டி இரண்டு மேக்ரோபேஜ்கள் நின்றால் அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, கொழுப்புத் துளியை அவை சூழ்ந்திருக்க வேண்டும். ஊசி போட்டுத் திசு எடுத்த இடத்தைத் தவிர்க்க வேண்டும்: அங்கே காயத்தால் கொழுப்பு நசிந்து, நுரைத்த மேக்ரோபேஜ்கள் மொய்த்திருக்கும், அவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை பொய்யாக ஏறும். செறிவைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை என்று எழுதுவதே வழக்கம்.

---

‘மகுடவுரு’ எனக்கும் உடன்பாடு. வரையறையில் ‘பருமனானவர்களின் கொழுப்பில்’ என்ற தொடரை மட்டும் சேர்க்க வேண்டாம். பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீடு) இயல்பாக உள்ள சில பெண்களின் மார்பகத்திலும் மகுடவுருக்கள் உண்டு. அவர்களிடம் கொழுப்புச் செல்கள் பெரிதாகவும் இன்சுலின் அளவு கூடுதலாகவும் இருக்கின்றன. ஆசியர்களுக்கு பிஎம்ஐ 23 முதலே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் சொன்னது. நம் வாசகர்களில் எடை பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் பலர். வரையறையை இப்படி வைப்போம்: ‘மகுடவுரு: கொழுப்புத் திசுவில், செத்த கொழுப்புச் செல்லின் எண்ணெய்த் துளியைச் சூழ்ந்த மேக்ரோபேஜ் திரள்.’

அடுத்த சொல், புற்றுச் செல்களையும் தாக்கும் நோயெதிர்ப்புச் செல்களான டி-செல்கள் பற்றியது. பருமனில், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் ஹார்மோன் கூடும்போது அவற்றின் மேல் பிடி-1 என்ற தடைப் புரதம் ஏறி, அவை சோர்ந்துபோகின்றன. இந்த நிலைக்கு ‘களைப்பு’ என்கிறார்கள் சிலர். களைப்பு ஓய்வெடுத்தால் தீர்ந்துவிடும். இது அப்படித் தீருவதில்லை. ‘செயலயர்வு’ பொருந்துமா?