உடற்பயிற்சிக்கு வாரம் 10 மணி நேரம்: தகுமா?

கேள்வி:
ஜிம்முக்குப் போய்வர 40 நிமிடம், பயிற்சி 60, குளியலும் உடைமாற்றமும் 20. வாரம் ஐந்து நாள் என்றால் 10 மணி நேரம். எடை குறைப்பது நோக்கமல்ல. பிரஷர், சுகர் வராமல் இருக்கவேண்டும்; எழுபது வயதிலும் யார் துணையும் இல்லாமல் நடமாடவேண்டும். அதற்கு இவ்வளவு நேரம் தேவையா?

பதில் 1:
தேவையில்லை. பயணத்தை வெட்டுங்கள், பயிற்சியை வெட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையானது, கூடவே இரண்டு நாள் தசைப்பயிற்சி. வாரத்துக்கு 10,080 நிமிடம். 150 என்பது அதில் ஒன்றரை சதவீதம். தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையும் இப்போது இல்லை. மிதம் என்றால், நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடுமை.

பதில் 2:
வேக நடையோடு நின்றுவிடாதீர்கள். எழுபதில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ வைப்பது தொடைத் தசை. வீட்டிலேயே 20 நிமிடம் போதும்: நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், மேசை விளிம்பில் கை வைத்துத் தண்டால், குனிந்து நின்று கனமான பையை இடுப்புவரை இழுத்தல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, மூன்று சுற்று. இன்னும் இரண்டு முறைதான் முடியும் என்ற நிலையில் சுற்றை நிறுத்துங்கள். 12 சுலபமாகிவிட்டால் பையில் எடை கூட்டுங்கள். கூட்டாவிட்டால் பலன் அங்கேயே நின்றுவிடும்.

பலரும் பயிற்சியை விடுவது முதல் சில மாதங்களில்தான். நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதால் பலம் சீக்கிரம் ஏறும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அவ்வளவு வேகமாக உறுதியாவதில்லை. அந்த உற்சாகத்தில் சுமையை ஏற்றினால் முழங்கால், குதிகால் வலி வரும். மறுநாள் தசை வலிப்பது இயல்பு. மூட்டில் குத்தினால் சுமையைப் பாதியாக்குங்கள்.

கேட்டவர்:
எல்லாவற்றையும் சனி, ஞாயிறில் முடித்துவிடலாமா?

பதில் 3:
இதயத்துக்குப் பலன் உண்டு. சுகருக்குப் பயிற்சியை வாரம் முழுதும் பரப்புவது நல்லது. பயிற்சிக்குப் பின் இன்சுலின் நன்றாக வேலை செய்வது ஒன்று அல்லது இரண்டு நாள்தான். அதனால் தொடர்ந்து இரண்டு நாளுக்குமேல் இடைவெளி விடாதீர்கள். வேலை நாட்களில் சாப்பிட்டவுடன் 10 நிமிடம் நடங்கள். உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைத் தசை அப்போதே எடுத்துக்கொள்ளும். குளியலும் வேண்டாம், உடைமாற்றமும் வேண்டாம். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.