பனியில் அசையாமல் உட்காரக் கம்பளி: என் அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

மூன்று வருஷத்துக்கு முந்தைய தை மாதம். நீலகிரியில் எமரால்டு ஊருக்கு மேலே எங்கள் கேரட் தோட்டத்துக்கு ராத்திரி காவல் போனேன். வீட்டிலிருந்து நாற்பது நிமிஷ ஏற்றம். கிளம்பும்போது உள்ளே பனியன், அதன் மேல் முழுக்கைப் பருத்திச் சட்டை, அதற்கு மேல் தடித்த ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே விண்ட்சீட்டர். வாசலில் நிற்கும்போதே கதகதப்பாக இருந்தது, இன்றைக்குக் கவலையில்லை என்று நினைத்தேன். அந்தக் கதகதப்புதான் கெடுத்தது. தோட்டத்துக் காவல் பரண் ஏறி உட்காரும்போது முதுகெல்லாம் வியர்வை.

பன்னிரண்டு மணி வரை ஒன்றும் தெரியவில்லை. ஒரு மணிக்கு யாரோ ஈரத்துணியை முதுகில் ஒட்டியதுபோல இருந்தது, இரண்டு மணிக்குப் பல் கிட்டித்தது. அப்போதுதான் மூன்று கடமான்கள் பாத்திக்குள் இறங்கின. டார்ச் கையில்தான் இருக்கிறது, பொத்தானை அழுத்த விரல் வரவில்லை. கையைத் தொடைக்கு நடுவில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஒருவழியாக வெளிச்சம் அடிப்பதற்குள் ஒரு பாத்தி காலி. விடியும் வரை இருக்க முடியாமல் இறங்கிவிட்டேன், வழியில் இரண்டு தடவை கால் வழுக்கியது. விரல் சொன்னபடி கேட்கவில்லை என்றால் உடம்புச் சூடு இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அந்த நிலைமையில் இருட்டில் சரிவில் தனியாக இறங்கியிருக்கவே கூடாது. இன்றைக்கு நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

காலையில் சித்தப்பா என் பனியனைத் தொட்டுப் பார்த்தார். பிழிந்தால் தண்ணீர் வரும்போல இருந்தது. "உள்ளே பருத்தியைப் போட்டுக்கொண்டு வெளியே மலையையே போர்த்தினாலும் குளிரத்தான்டா செய்யும்" என்றார். அப்புறம் வீட்டுப் பரணிலிருந்த பெட்டியைத் திறந்து தாத்தாவின் கோட்டை எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாத்தா அந்தக் காலத்தில் துரைமார் வேட்டைக்குக் காடு கலைக்கப் போனவர். (வேட்டையை யாரும் இங்கே புகழவில்லை. நீலகிரிக்கென்றே 1879-ல் வேட்டைக்குத் தனிச் சட்டம் வந்தது, 1972 வன உயிரினச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் கதையே முடிந்தது, முடிந்ததும் நல்லதுதான்.) ஆனால் துரைமார் உடுத்தியதில் ஒரு கணக்கு இருந்தது. ஸ்காட்லாந்து ட்வீட், ஆஸ்திரியப் பக்கத்து லோடன் எல்லாம் முழுக்க ஆட்டு ரோமத் துணி, ஈரமும் குளிரும் சேர்ந்தே இருக்கிற மலைகளில் மணிக்கணக்காகப் பதுங்கி உட்கார்ந்தவர்கள் போட்டது. நம் மலையும் அதே மாதிரிதான், வெறும் குளிர் இல்லை, மூடுபனியும் கூடவே வரும். ஒரு துரை போகும்போது தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன கோட்டு அது. சொரசொரவென்று இருக்கும், நனைந்தால் ஆட்டு வாடை அடிக்கும், ஆனால் நனைந்த பிறகும் சூடு தரும்.

ஏன் என்று தேடிப் படித்தேன். ஆட்டு ரோமம் தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளே வாங்கிக்கொள்ளும், தொட்டால் ஈரமே தெரியாது, அந்த ஈரத்தை வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியே விடும். இழை சுருள் சுருளாக இருப்பதால் நடுவில் காற்று நிற்கும், குளிரை மறிப்பது அந்தக் காற்றுதான். பருத்தி நனைந்தால் அந்தக் காற்று இருக்கிற இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாம் எல்லோரும் கம்பளியை வெளியே போடுகிறோம், பருத்தியை உடம்போடு ஒட்டிப் போடுகிறோம். தலைகீழ். காசு கொஞ்சமாக இருந்தால் முதலில் உள்ளே போடுகிற கம்பளியைத்தான் வாங்க வேண்டும், ஸ்வெட்டரை அல்ல.

உள்ளே போடுவதற்கு மெரினோ, அந்தப் பெயருள்ள ஆட்டின் மெல்லிய ரோமம். இழையின் தடிமன் 20 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் உடம்பில் குத்தாது, 30-க்கு மேலே போனால் அரிக்கும். தாத்தா கோட்டை வெறும் உடம்பில் போட முடியாததற்குக் காரணம் இதுதான். துணியின் கனம் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) சுற்றி இருந்தால் நம் ஊர்க் குளிருக்குப் போதும். விலை அதிகம், ஒன்றுதான் வாங்கினேன், சீசன் முழுக்க அதையே போடுகிறேன், நாலைந்து ராத்திரி போட்டாலும் நாற்றம் வருவதில்லை.

வாங்கும்போது ஏமாறக் கூடாது. நான் முதலில் போட்டிருந்த ஸ்வெட்டரை "சுத்த உல்லன்" என்று ஒரு கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள். அடித் தையலிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன், உருகிக் கருப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. அக்ரிலிக், அதாவது செயற்கை இழை. உண்மையான ரோமம் என்றால் முடி கருகும் வாடை வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். ஊட்டியில் விற்கிற ஸ்வெட்டர்களில் பல லூதியானாவிலிருந்து வருபவை, அவற்றில் அக்ரிலிக்தான் அதிகம். கேஷ்மிலான் என்று போட்டிருந்தால் அதுவும் அக்ரிலிக்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்வர அது போதும், பரணுக்குப் போதாது.

அடுத்த மார்கழியில் மெரினோவை மட்டும் போட்டுக்கொண்டு, கோட்டை முதுகுப் பையில் வைத்து, லேசாகக் குளிரக் குளிரவே ஏறினேன். மேலே போய் மூச்சு அடங்கியபிறகு கோட்டு, காதை மூடிக் குல்லா. கீழே பள்ளத்துப் புல்வெளியில் விடியற்காலை உப்புக் கொட்டியதுபோல உறைபனி, நான் ஐந்தரை வரை உட்கார்ந்திருந்தேன். பாதத்தைத் தவிர வேறெங்கும் குளிரவில்லை. பாதம் மட்டும் கட்டையாகிவிட்டது. இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் போட்டும் அப்படித்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொடைக்கானல் மலை மன்னவனூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா, கம் பூட்டுக்குள் இரண்டு சாக்ஸா? பாதம் இறுகிப்போனால் ரத்தம் ஓடாது, இரண்டு சாக்ஸுக்கும் நடுவில் காற்றுக்கும் இடம் இருக்காது. எங்களுக்குப் பூண்டுக் காவல், காட்டுமாடு வேலியை முட்டித் தள்ளிவிட்டு வரும், ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே ஆக வேண்டும். நான் ஏறும்போது ஒரு சாக்ஸ், மேலே போனதும் அதைக் கழற்றிவிட்டு உலர்ந்த கம்பளி சாக்ஸ் ஒன்றே ஒன்று. பூட் ஒரு சைஸ் பெரியது. காலுக்குக் கீழே சாக்கில் வைக்கோலைத் திணித்துப் போட்டுக்கொள்வேன், பாதிக் குளிர் கீழே பலகையிலிருந்துதான் ஏறுகிறது.

அப்புறம் இடம். எங்கள் பழைய காவல் குடிசை பள்ளத்தில் இருந்தது. காற்றில்லாத தெளிந்த ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துத் தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும், உறைபனி முதலில் விழுவதும் அங்கேதான். குடிசையை இருபதடி மேட்டுக்கு மாற்றினோம், ஒரு கம்பளி கூடுதலாகப் போர்த்திய மாதிரி ஆயிற்று. எங்கள் ஊரிலேயே மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் இருக்கிறது, பாரத் மெரினோ ஆடுகள் மேய்வதைத் தினமும் பார்க்கிறோம், ஆனால் எங்கள் முதுகில் இருப்பதெல்லாம் அக்ரிலிக். உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று என் ஸ்வெட்டர் நூலையும் கொளுத்திப் பார்த்தேன். உருகியது.

கோத்தகிரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் பறவைப் படம் எடுப்பவள். குளிரைவிட எனக்குப் பெரிய விஷயம் சத்தம். விண்ட்சீட்டர் கையை உயர்த்தினாலே சரசரக்கும். போன வருஷம் ஒரு சோலை ஓரத்தில் சிரிப்பான் குருவிக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கேமராவைத் தூக்கிய நொடியில் என் ஜாக்கெட் சத்தத்தில் பறந்துவிட்டது. வேட்டைக்காரர்கள் கம்பளியை விடாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், அது உரசினாலும் ஓசை வராது. இப்போது வெளியே கர்நாடகப் பக்கத்து ஆட்டிடையர்களான குருபர்கள் நெய்கிற கருப்புக் கம்பளியைத்தான் போர்த்துகிறேன். தக்காணி ஆட்டு ரோமம், முரடு, கழுத்தில் பட்டால் அரிக்கும், அதனால் உள்ளே மெல்லியதாக ஏதாவது வேண்டும். மூடுபனியில் மேலே முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும், உதறினால் போய்விடும். கனமழைக்குத் தாங்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எமரால்டு அண்ணனுக்கு ஒரு விஷயம். அந்த மெரினோவை வெந்நீரில் மட்டும் துவைத்துவிடாதீர்கள். என் அம்மா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் ஒன்று வாஷிங் மெஷினில் சூட்டோடு சுற்றியதில் சின்னப் பிள்ளை அளவுக்குச் சுருங்கிவிட்டது. ரோம இழையின் மேல் செதில்கள் இருக்கின்றன, சூடும் கசக்கலும் சேர்ந்தால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், அதன் பிறகு பிரியவே பிரியாது. பச்சைத் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்திவிட்டுப் படுக்க வைத்து நிழலில் உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீண்டுவிடும். சீசன் முடிந்ததும் துவைத்து, நன்றாக உலர்ந்தபின் இறுக்கி மூடி வையுங்கள், வியர்வை பட்ட துணியைத்தான் பூச்சி முதலில் தின்னும். அம்மா கையால் பின்னிய ஸ்வெட்டர் என்பதால் அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

எமரால்டு:

இருவருக்கும் நன்றி. சாக்ஸ் விஷயத்தை முந்தாநாள் ராத்திரியே செய்து பார்த்தேன். பரணில் பூட்டைக் கழற்றினால் ஏறும்போது போட்டிருந்த சாக்ஸ் நனைந்திருக்கிறது, இத்தனை வருஷமாக அதோடுதான் உட்கார்ந்திருந்திருக்கிறேன். உலர்ந்ததை மாற்றி, காலடியில் வைக்கோல் சாக்கு. மூன்று மணிக்குக்கூட விரல்களை மடக்கி நீட்ட முடிந்தது. பெரிய பூட் இன்னும் வாங்கவில்லை.

தங்கச்சி, அந்தச் சத்தம் பற்றிச் சொன்னதும் உண்மை. நாலு மணி இருக்கும், பரணுக்குக் கீழே ஒரு காட்டெருமை வந்து நின்றது, அதன் மூச்சு ஆவியாகப் போவது நிலா வெளிச்சத்தில் தெரிந்தது. நான் கோட்டுக்குள் கையை இழுத்துக்கொண்டேன், அது தலையைக்கூடத் திருப்பவில்லை. தோட்டத்துக்குள் இறங்காமல் வேலி ஓரமாகவே நடந்து சோலைப் பக்கம் போய்விட்டது, டார்ச் அடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

கோட்டின் வலது தோள் தையல் விட்டிருக்கிறது. இவ்வளவு தடித்த துணியைத் தைக்கிற தையல்காரர் ஊட்டியிலோ குன்னூரிலோ யாராவது இருந்தால் சொல்லுங்கள், அடுத்த உறைபனிக்குள் சரிசெய்ய வேண்டும்.